வருடத்துக்கு ஒரு முறை பறப்பவர் எந்த மைல்ஸ் கணக்கைத் தொடங்கலாம்?

எங்கள் தெருவில் ஒரு மாமா இருக்கிறார். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகள் சிங்கப்பூரில். வருடத்துக்கு ஒரு முறை, பேத்தியின் பள்ளி விடுமுறையை ஒட்டி, திருச்சியிலிருந்தோ சென்னையிலிருந்தோ போய்வருவார். போன மாதம் வாசலில் நின்றபடியே கேட்டார்: "மைல்ஸ் சேர்த்தா டிக்கெட் ஃப்ரீயாமே தம்பி? நாலு வருஷமா போறேன், ஒருத்தனும் சொல்லலையே!"

மைல்ஸ் என்பது, நாம் பறக்கும் ஒவ்வொரு தடவையும் விமானக் கம்பெனி நம் உறுப்பினர் கணக்கில் ஏற்றும் புள்ளிகள்; போதிய அளவு சேர்ந்தால் அதைக் கொடுத்து டிக்கெட் எடுக்கலாம். அவரை உட்காரவைத்துச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். ஆபீஸ் செலவில் மாதம் நாலு தடவை பறப்பவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ பயணம், சொந்தக் காசு, குடும்பத்தோடு என்று போகிறவர்களுக்கானது இது.

1. பழைய டிக்கெட்டுகளை எடுத்து வையுங்கள்

எந்தக் கணக்கு நல்லது என்று தேடுவதற்கு முன்னால், கடந்த மூன்று வருடத்தில் எங்கெல்லாம் பறந்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். மின்னஞ்சலில் பி.என்.ஆர். என்று தேடினால் பாதி கிடைத்துவிடும். மீதி டிராவல்ஸ்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய பி.டி.எஃப்.களில் இருக்கும். எந்த ஊரிலிருந்து எந்த ஊர், எந்த விமானம், எத்தனை பேர், தோராயமாக எவ்வளவு கொடுத்தீர்கள், இவ்வளவு போதும். அடுத்த இரண்டு வருடத்தில் போகப்போவது நிச்சயம் என்று தெரிந்த பயணங்களையும் கீழே சேர்த்துக்கொள்ளுங்கள்.

மாமாவின் தாளில் நான்கு வரி வந்தது. இரண்டு தடவை ஸ்கூட், ஒரு தடவை ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ், ஒரு தடவை சென்னையிலிருந்து சிங்கப்பூர் ஏர்லைன்ஸ். ஒவ்வொரு தடவையும் எது மலிவோ அது. இதில் தவறு ஒன்றும் இல்லை, சொல்லப்போனால் அதுதான் புத்திசாலித்தனம். ஆனால் மைல்ஸ் சேர்வதற்கும் அதற்கும் ஒத்துவராது. ஒரே கம்பெனியில் திரும்பத் திரும்பப் பறப்பவர்களுக்காகத்தான் இந்த ஏற்பாடே. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1981 மே மாதம் தொடங்கிய திட்டம்தான் இன்றைய எல்லாத் திட்டங்களுக்கும் முன்மாதிரி. வியாபார விஷயமாக அடிக்கடி பறப்பவர் போட்டிக் கம்பெனிக்குப் போய்விடக் கூடாது என்பதுதான் அதன் நோக்கம். நம்மைப் போன்றவர்கள் அந்தப் பந்தியில் கடைசி வரிசை.

2. ஒரு பயணத்துக்கு எவ்வளவு சேரும் என்று கணக்குப் போடுங்கள்

பலரும் தாண்டிப் போகிற படி இது. மாமாவின் கணக்கையே போடுவோம்.

சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே சுமார் 1,800 மைல். பறந்த தூரம் முழுவதும் கணக்கில் ஏறும் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். டிக்கெட்டின் கட்டண வகையைப் பொறுத்து அதில் ஒரு பங்குதான் ஏறும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் மலிவான எகானமி லைட் கட்டணத்துக்கு, அதன் மைல்ஸ் திட்டமான கிரிஸ்ஃப்ளையரில் ஏறுவது பாதி. போகும்போது 900, வரும்போது 900. ஆக ஒரு பயணத்துக்கு 1,800.

இனி செலவுப் பக்கம். அதே பாதையில் மைல்ஸ் கொடுத்து டிக்கெட் எடுக்க ஒரு வழிக்கே பதினைந்தாயிரம் மைலுக்கு மேல் வேண்டும். வருடத்துக்கு 1,800 என்றால் எட்டு, ஒன்பது வருடம் ஆகும். ஆனால் கிரிஸ்ஃப்ளையர் மைல் ஒவ்வொன்றுக்கும் ஆயுள் மூன்று வருடம்தான். எட்டாவது வருடம் வரும்போது முதல் ஐந்து வருட மைல் செத்துப்போயிருக்கும். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற கதை.

"அப்ப வேண்டாங்கிறியா?" என்று மாமா முகம் சுருங்கியது. வேண்டாம் என்று சொல்லவில்லை. எவ்வளவு பெறும் என்று தெரிந்துகொண்டு இறங்க வேண்டும், அவ்வளவுதான். அதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. ஒரு டிக்கெட்டின் விலை 14,000 ரூபாய் என்று வையுங்கள். அதையே மைல்ஸில் எடுத்தால் 20,000 மைலும், வரி வகையறாவுக்கு 4,000 ரூபாயும் கேட்கிறார்கள் என்று வையுங்கள். அப்படியானால் 20,000 மைல் மிச்சம் பிடித்தது 10,000 ரூபாய். மைல் ஒன்றுக்கு அரை ரூபாய். இந்த விலையில் மாமாவின் 1,800 மைல் 900 ரூபாய் பெறும்.

இந்த 900 ரூபாயை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். மைல்ஸ் ஏறும் என்பதற்காக 2,500 ரூபாய் கூடுதலாகக் கொடுத்து வேறு விமானத்தில் போவது நஷ்டம். இரண்டு டிக்கெட்டும் ஏறக்குறைய ஒரே விலை என்றால் மட்டும் மைல்ஸ் ஏறுகிற பக்கம் சாயலாம். (லக்கேஜ், சாப்பாடு, நள்ளிரவில் இறங்காமல் பகலில் இறங்குவது, இதற்கெல்லாம் கூடுதலாகக் கொடுப்பது வேறு விஷயம். அறுபது தாண்டியவருக்கு அதுவும் ஒரு கணக்குத்தான்.)

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். எல்லோரும் தூரத்தை வைத்துக் கொடுப்பதில்லை. ஏர் இந்தியா 2024இலும், பிரிட்டிஷ் ஏர்வேஸ் 2023 அக்டோபரிலும் கொடுத்த காசைப் பார்த்துப் பாயிண்ட்ஸ் தரும் முறைக்கு மாறிவிட்டன. மலிவாக டிக்கெட் எடுத்தவருக்குக் குறைவு, விலை கொடுத்தவருக்கு அதிகம். ஆறு மாதம் முன்பே டிக்கெட் எடுத்துவைக்கும் நம் ஆட்களுக்கு இந்த முறையில் பெரிதாக ஒன்றும் ஏறாது.

3. காலாவதி விதியைப் படியுங்கள்

அடிக்கடி பறப்பவர் விமான நிலைய ஓய்வறையான லவுஞ்ச் எப்படி, சில்வர், கோல்டு என்ற உறுப்பினர் படிநிலைகளில் எதற்கு என்ன சலுகை என்றெல்லாம் பார்ப்பார். நாம் பார்க்க வேண்டியது சேர்த்தது எத்தனை நாள் உயிரோடு இருக்கும் என்பதை. இதில் மூன்று ரகம் உண்டு.

கெடு வைத்துக் கொல்வது முதல் ரகம். இன்று ஏறிய மைல் மூன்று வருடத்தில் போய்விடும், நடுவில் நீங்கள் பறந்தாலும் பறக்காவிட்டாலும் சரி. கிரிஸ்ஃப்ளையர் இந்த ரகம். எமிரேட்ஸின் ஸ்கைவார்ட்ஸும் இதே ரகம்தான்; அங்கே மூன்றாவது வருடம் உங்கள் பிறந்த மாதக் கடைசியில் போகும். பிறந்தநாள் பரிசு மாதிரி!

கணக்கில் அசைவு இருந்தால் விட்டுவைப்பது இரண்டாவது ரகம். கத்தார் ஏர்வேஸின் பிரிவிலெஜ் கிளப்பிலும் பிரிட்டிஷ் ஏர்வேஸிலும் சேர்வது ஏவியாஸ் என்ற ஒரே நாணயம். தொடர்ந்து 36 மாதம் எந்த வரவும் செலவும் இல்லையென்றால்தான் அது காலாவதியாகும். நடுவில் ஒரே ஒரு பயணம் ஏறினாலும் மொத்தக் கணக்குக்கும் கெடு மறுபடி முதலிலிருந்து ஓடும். ஏர் இந்தியாவும் 2024இல் மாற்றிய விதிப்படி, இரண்டு வருடத்துக்குள் ஒரு தடவையாவது தன் விமானத்தில் பறந்தால் பாயிண்ட்ஸைக் காப்பாற்றுகிறது.

மூன்றாவது ரகத்துக்குக் காலாவதியே கிடையாது. அமெரிக்காவின் டெல்டா 2011இலும் யுனைடெட் 2019இலும் காலாவதியை எடுத்துவிட்டன. "நாம எங்க யுனைடெட்ல போறோம்?" என்று கேட்கலாம். அதற்குத்தான் அடுத்த படி.

எப்போதாவது பறப்பவருக்கு இரண்டாவது, மூன்றாவது ரகம்தான் பொருந்தும் என்பது என் முடிவு. இந்தப் பாடத்தை நான் காசு கொடுத்துக் கற்றேன். இருபதுகளில் எந்த விமானத்தில் ஏறினாலும் அந்தக் கம்பெனியில் ஒரு கணக்குத் தொடங்கிவிடுவேன். பளபளவென்று அட்டை வீட்டுக்கே வரும், அதில் ஒரு சந்தோஷம். நான்கு கணக்குகள், ஒவ்வொன்றிலும் இரண்டாயிரம், மூவாயிரம். ஒன்று விடாமல் எல்லாம் காலாவதியாகின. இன்றைக்கு அந்த அட்டைகளில் ஒன்று காரின் கண்ணாடியில் ஒட்டிய ஸ்டிக்கரைச் சுரண்ட உதவுகிறது.

4. கூட்டணிகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

விமானக் கம்பெனிகளும் கூட்டணி வைத்திருக்கின்றன. அரசியல் கூட்டணியைவிடக் கொஞ்சம் உறுதியானது. ஒரே கூட்டணியில் உள்ள எந்த விமானத்தில் பறந்தாலும், அதே கூட்டணியில் உள்ள வேறொரு கம்பெனியின் கணக்கில் மைல்ஸை ஏற்றிக்கொள்ளலாம். ஒரு பயணத்தை ஒரு கணக்கில்தான் ஏற்ற முடியும், இரண்டில் முடியாது.

1997இல் தொடங்கிய ஸ்டார் அலையன்ஸில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், லுஃப்தான்ஸா, தாய் ஏர்வேஸ், யுனைடெட் எல்லாம் இருக்கின்றன. ஏர் இந்தியா 2014 ஜூலையில் சேர்ந்தது. ஒன்வேர்ல்டில் பிரிட்டிஷ் ஏர்வேஸ், கத்தார், மலேசியா ஏர்லைன்ஸ், கதே பசிஃபிக், அப்புறம் 2014 மே முதல் ஸ்ரீலங்கன். மூன்றாவதான ஸ்கைடீமில் ஏர் ஃபிரான்ஸ், கே.எல்.எம்., டெல்டா, சவூதியா. தமிழ்நாட்டிலிருந்து கிளம்புகிறவருக்கு இந்த மூன்றாவதால் அவ்வளவு உபயோகம் இல்லை.

எந்தக் கூட்டணியிலும் இல்லாதவர்களும் உண்டு. எமிரேட்ஸ், எதிஹாட், இண்டிகோ, ஸ்கூட், ஏர் ஏசியா, ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ். இவர்களில் சிலருக்குத் தனித்தனி ஒப்பந்தங்கள் இருக்கும். ஸ்கூட் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் பிள்ளை என்பதால் அதில் பறந்தால் கிரிஸ்ஃப்ளையரில் ஏற்றிக்கொள்ளலாம். ஏர் இந்தியா எக்ஸ்பிரஸும் ஏர் இந்தியாவும் ஒரே டாடா வீட்டுப் பிள்ளைகள்தான், ஆனால் ஒன்றில் பறந்தது இன்னொன்றில் தானாக ஏறிவிடும் என்று நினைத்துக்கொண்டு டிக்கெட் எடுக்காதீர்கள். அந்தந்தத் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கூட்டணி என்றதும் எல்லாம் ஏறிவிடும் என்றும் இல்லை. டிக்கெட்டில் விமான எண்ணுக்குப் பக்கத்தில் கிளாஸ் என்று ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். எகானமி, பிசினஸ் என்பதல்ல. எகானமிக்குள்ளேயே பத்துப் பன்னிரண்டு எழுத்துகள் உண்டு. ஒரே வரிசையில் உட்கார்ந்திருக்கும் இருவருக்கு வேறு வேறு எழுத்து இருக்கலாம். மற்ற கம்பெனிக் கணக்கில் ஏற்றும்போது இந்த எழுத்துதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அடிமட்டக் கட்டணத்து எழுத்துகள் சிலவற்றுக்கு வெளிக் கணக்கில் சைபர். டிக்கெட் எடுப்பதற்கு முன், எந்தக் கணக்கில் ஏற்றப்போகிறீர்களோ அந்தக் கம்பெனியின் தளத்தில் கூட்டாளி விமானங்கள் பக்கத்துக்குப் போய், அந்த எழுத்துக்கு எத்தனை சதவீதம் என்று பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

5. உங்கள் பாதைக்கு எது?

சிங்கப்பூர், மலேசியா போய்வருகிறவர்கள். மாமாவைப் போல மலிவு விமானமாகப் பார்த்து ஏறுபவர் என்றால், மூன்று வருடக் கெடு இருந்தாலும் கிரிஸ்ஃப்ளையர் ஒன்றைத் தொடங்குங்கள், பணம் ஒன்றும் கிடையாது. இலவச டிக்கெட் கனவு மட்டும் வேண்டாம். சேர்ந்த சில ஆயிரம் மைலை அடுத்த சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் டிக்கெட்டின் விலையில் ஒரு பகுதியாகக் கழித்துக்கொள்ளலாம். மதிப்பு சுமார்தான், ஆனால் செத்துப்போவதற்கு அது மேல்.

அமெரிக்கா போகிறவர்கள். மகள் பிரசவம், மகன் பட்டமளிப்பு என்று அப்பா அம்மா இரண்டு பேரும் சேர்ந்து போவார்கள். மைல்ஸ் கணக்கு உண்மையிலேயே பலன் தருவது இங்கேதான். சென்னையிலிருந்து தோஹா வழியாக நியூயார்க் போய்வந்தால் பறக்கும் தூரமே 17,000 மைலுக்கு மேல். மலிவான டிக்கெட்டில் அதில் ஒரு பங்குதான் ஏறும் என்றாலும், இரண்டு பேர், இரண்டு பயணம் என்றால் ஒரு நல்ல தொகை. இவர்களுக்கு நான் சொல்வது ஏவியாஸ். 36 மாத அசைவு விதி கைகொடுக்கும். கத்தார் கணக்குக்கும் பிரிட்டிஷ் ஏர்வேஸ் கணக்குக்கும் நடுவே மாற்றிக்கொள்ளலாம் என்பதால், ஒரு தடவை தோஹா வழியாகவும் அடுத்த தடவை லண்டன் வழியாகவும் போனாலும் சிதறாது. மதுரை, திருச்சிக்காரர்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. அங்கிருந்து கொழும்பு வழியாக ஸ்ரீலங்கனில் எங்கு போனாலும், கிளாஸ் எழுத்து ஒத்துவந்தால், அதையும் இதே கணக்கில் ஏற்றலாம்.

ஃபிராங்ஃபர்ட் வழியாக லுஃப்தான்ஸாவிலோ டெல்லி வழியாக ஏர் இந்தியாவிலோதான் போவேன், அதுவும் மூன்று நான்கு வருடத்துக்கு ஒரு தடவைதான் என்பவர்கள் யுனைடெட்டின் மைலேஜ்பிளஸ் கணக்கைப் பாருங்கள். அதில் ஏறியது காலாவதியாகாது. யுனைடெட் விமானத்தில் ஒரு நாளும் கால் வைக்காமலே அந்தக் கணக்கை நடத்தலாம்.

வளைகுடாவில் வேலை பார்ப்பவர்கள். வருடம் ஒரு தடவை ஊருக்கு வந்துபோகிற டிக்கெட்டைப் பலருக்குக் கம்பெனியே எடுத்துத் தரும். எந்த விமானம் என்பது உங்கள் கையில் இல்லை, அவர்கள் எதை வழக்கமாக எடுக்கிறார்களோ அதில் கணக்குத் தொடங்குங்கள். டிக்கெட்டுக்குக் காசு கொடுத்தது கம்பெனி என்றாலும் மைல்ஸ் பறந்தவருக்குத்தான் ஏறும். இது தெரியாமல் பத்து வருடம் விட்டவர்களை எனக்குத் தெரியும்.

உள்நாட்டுக்குள் மட்டும் பறப்பவர்கள். இந்தியாவுக்குள் பறப்பவர்களில் பாதிக்கு மேல் இண்டிகோவில்தான் போகிறார்கள். 2024இல் அவர்கள் புளூசிப் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். ஏர் இந்தியாவின் பழைய ஃப்ளையிங் ரிட்டர்ன்ஸ் இப்போது மகாராஜா கிளப். இரண்டிலும் தொடங்கி வையுங்கள், அப்புறம் மறந்துவிடுங்கள். வருடத்துக்கு இரண்டு டெல்லி பயணத்தில் யாரும் பணக்காரர் ஆனதில்லை.

6. குடும்பக் கணக்கு உண்டா என்று கேளுங்கள்

நான்கு பேர் குடும்பமாகப் போனால் நான்கு கணக்கில் துண்டு துண்டாக மைல்ஸ் கிடக்கும். அதை ஒரே பானையில் ஊற்ற முடிந்தால் வேகமாக நிறையும். எமிரேட்ஸ், கத்தார், பிரிட்டிஷ் ஏர்வேஸ் மூன்றிலும் குடும்பத்தார் சேர்ந்து சேமிக்க ஏற்பாடு இருக்கிறது. கிரிஸ்ஃப்ளையரில் சேமிப்பது தனித்தனிதான். ஆனால் உங்கள் மைலைக் கொடுத்து, நீங்கள் முன்பே பதிவு செய்த ஐந்து பேர் வரை டிக்கெட் எடுத்துத் தரலாம். மெதுவாகச் சேரும் கணக்கைப் பிழைக்கவைப்பது பெரும்பாலும் இந்தச் சேர்ந்த பானைதான். குழந்தைகளுக்கும் தனி சீட் எடுக்கிற வயதிலிருந்தே கணக்குத் தொடங்கிவிடுங்கள்.

7. பெயரில் கோட்டை விடாதீர்கள்

நம் ஊர்க்காரர்களுக்கென்றே உள்ள சிக்கல் இது. நமக்கு இனிஷியல்தான், குடும்பப் பெயர் கிடையாது. ரேஷன் கார்டில் ஆர். முருகன். பாஸ்போர்ட்டில் கிவன் நேம் முருகன், சர்நேம் ராமசாமி. ஆதாரில் முருகன் ஆர். மைல்ஸ் கணக்கைத் தொடங்கும்போது கைப்பழக்கத்தில் கடைசிப் பெயர் கட்டத்தில் ஆர் என்று தட்டிவிடுவோம். டிக்கெட்டோ பாஸ்போர்ட்டைப் பார்த்து எடுத்தது. இரண்டும் பொருந்தவில்லை என்றால் கம்ப்யூட்டர் ஏற்றாது.

என் அம்மாவுக்கு இப்படித்தான் ஆனது. கணக்கில் கடைசிப் பெயர் அப்பாவின் பெயர், பாஸ்போர்ட்டில் தாத்தாவின் பெயர். நீண்ட பயணம், இரண்டு பேர். எனக்கு ஏறியது, அம்மாவுக்கு ஏறவில்லை. எழுதிக் கேட்டால் பெயர் மாறியதற்குச் சான்று கேட்டார்கள். பெயர் மாறவே இல்லை, மாற்றி எழுதியது நான்தான் என்பதை எந்தச் சான்றில் காட்டுவது? நாலு மின்னஞ்சல் போய்வருவதற்குள் கேட்கும் கெடுவும் முடிந்துபோனது.

அதனால் கணக்குத் தொடங்கும்போது பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொள்ளுங்கள். சர்நேம் வரியில் உள்ளது கடைசிப் பெயர், கிவன் நேம் வரியில் உள்ளது முதல் பெயர். ஓர் எழுத்துகூட மாறக் கூடாது. சர்நேம் காலியாக இருக்கிறதா? அப்படிப்பட்ட டிக்கெட்டில் பெயரை எப்படிப் போடுவது என்பது விமானத்துக்கு விமானம் மாறும். சிலர் ஒரே பெயரை இரண்டு கட்டத்திலும் போடுவார்கள். டிக்கெட்டில் எப்படி வருகிறதோ அப்படியே கணக்கிலும் இருக்கட்டும். போர்டிங் பாஸில் பெயரோடு எம்.ஆர். என்று ஒட்டிக்கொண்டு முருகன்எம்.ஆர். என்று வருவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது மிஸ்டர்.

கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் உங்களுடையதாக இருக்கட்டும். டிராவல்ஸ்காரரின் மின்னஞ்சலில் கணக்கைத் தொடங்கிவிட்டு, ஓ.டி.பி.க்காக அவர் கடை திறக்கும்வரை காத்திருக்கும் ஆட்கள் உண்டு.

8. டிக்கெட் எடுக்கும்போதும் பறந்த பின்னும்

டிக்கெட் எடுக்கும்போதே உறுப்பினர் எண்ணைக் கொடுங்கள். டிராவல்ஸில் எடுத்தால் வாட்ஸ்அப்பில் பாஸ்போர்ட் படத்தோடு அந்த எண்ணையும் அனுப்பி, போடச் சொல்லுங்கள். விட்டுப்போயிருந்தால் வெப் செக்-இன்னில் சேர்க்கலாம், அதுவும் விட்டால் கவுன்டரில் சொல்லலாம். போர்டிங் பாஸ் கைக்கு வந்ததும் அதில் அந்த எண் அச்சாகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு நகருங்கள்.

வீடு திரும்பியதும் நம்மில் பலர் முதலில் செய்வது பையைத் துழாவிப் போர்டிங் பாஸைக் கிழித்துப் போடுவது. மைல்ஸ் ஏறும்வரை அதை வைத்திருங்கள். ஒரு படமும் எடுத்துவிடுங்கள். இரண்டு, மூன்று வாரத்தில் ஏறவில்லை என்றால் விடுபட்ட மைல்ஸ் கேட்கும் பக்கத்தில் எழுதிக் கேட்கலாம். இதற்கும் கெடு உண்டு, பல இடங்களில் ஆறு மாதம்.

அங்கே பி.என்.ஆர். மட்டும் போதாது, 13 இலக்க டிக்கெட் எண் கேட்பார்கள். அதன் முதல் மூன்று இலக்கம் டிக்கெட்டை வெளியிட்ட கம்பெனியைக் காட்டும். ஏர் இந்தியா 098, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 618, கத்தார் 157, எமிரேட்ஸ் 176. ஒரு கம்பெனியின் பெயரில் டிக்கெட் வாங்கி, வேறொரு கம்பெனியின் விமானத்தில் பறந்திருப்பீர்கள். ஏறாமல் போவதற்கு இதுவும் அடிக்கடி காரணமாகிறது. உண்மையில் எந்தக் கம்பெனியின் விமானம் என்பது 'ஆபரேட்டட் பை' என்ற பொடி எழுத்து வரியில் இருக்கும்.

9. சேர்த்ததைச் செலவழியுங்கள்

கிங்ஃபிஷர் 2012இல் பறப்பதை நிறுத்தியது. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17 அன்று நின்றது. விஸ்தாரா 2024 நவம்பரில் ஏர் இந்தியாவோடு கலந்தது. அதன் உறுப்பினர்களின் பாயிண்ட்ஸ் இடம் மாறியது. கம்பெனி நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும், நேற்று 15,000க்குக் கிடைத்த டிக்கெட் நாளை 18,000 ஆகலாம், யாரும் உங்களைக் கேட்க மாட்டார்கள். மைல்ஸுக்கு வட்டி கிடையாது, பணவீக்கம் மட்டும் உண்டு. தங்கம் மாதிரி பூட்டி வைக்கிற பொருள் இல்லை இது. ஒரு டிக்கெட்டுக்குப் போதும் என்றானதும் எடுத்துவிடுங்கள்.

எடுக்கும்போது இரண்டு விஷயம். மைல்ஸ் கொடுத்தாலும் வரியைக் காசாகக் கட்ட வேண்டும். லண்டன் வழியாகப் போகும் டிக்கெட்டுகளில் அது கண்ணைக் கட்டும். மொத்தத்தையும் பார்த்து, நாம் மேலே போட்ட அரை ரூபாய்க் கணக்கைப் போட்டுவிட்டு எடுங்கள். இரண்டாவது, பொங்கல், மே மாதம், தீபாவளி, டிசம்பர் கடைசி ஆகிய நாட்களில் குறைந்த மைல்ஸ் சீட்டுகள் சீக்கிரம் தீர்ந்துவிடும். பெரும்பாலான கம்பெனிகள் சுமார் 11 மாதம் முன்பே திறக்கின்றன. பள்ளி விடுமுறையை ஒட்டித்தான் போக முடியும் என்பவர்கள் அப்போதே பார்க்க வேண்டும். பிப்ரவரியிலும் போகலாம் என்கிற ஓய்வு பெற்றவர்களுக்கு இதில் கொஞ்சம் அதிர்ஷ்டம் உண்டு.

10. இவற்றின் பக்கம் போக வேண்டாம்

சில்வர், கோல்டு என்ற படிநிலைகளை மறந்துவிடுங்கள். கிரிஸ்ஃப்ளையரில் சில்வர் ஆக 12 மாதத்தில் 25,000 எலீட் மைல் (படிநிலைக்காகத் தனியாக எண்ணும் மைல்) வேண்டும். மாமாவின் பாதையில், மாமாவின் கட்டணத்தில், வருடத்துக்குப் பதினாலு தடவை சிங்கப்பூர் போய்வர வேண்டும். மகளே கதவைத் திறக்க மாட்டாள்.

தள்ளுபடி என்று மைல்ஸை விலைக்கு விற்கும் மின்னஞ்சல்கள் வரும். உடனே எடுக்கப்போகிற ஒரு டிக்கெட்டுக்குக் கொஞ்சம் குறைகிறது என்றால் மட்டும் யோசிக்கலாம். மைல்ஸ் தரும் கிரெடிட் கார்டைப் பற்றிக் கேட்பவர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: மாதாமாதம் பாக்கி இல்லாமல் முழுத் தொகையையும் கட்டுகிறவரா? இல்லையென்றால் வேண்டாம். மாதத்துக்கு மூன்றரை சதவீதம் அளவில் வட்டி கட்டிக்கொண்டு அரை ரூபாய் மைல் சேர்ப்பதில் அர்த்தம் இல்லை. கட்டுகிறவர் என்றாலும் ஆண்டுக் கட்டணத்தைக் கழித்துவிட்டுப் பாருங்கள்.

விமான நிலையத்திலிருந்து போர்டிங் பாஸைப் படம் எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கும் பழக்கமும் வேண்டாம். அந்தக் கோடு கோடான கட்டத்துக்குள் பி.என்.ஆர்., உறுப்பினர் எண் எல்லாம் இருக்கிறது. படத்திலிருந்தே படித்துவிடலாம்.

மாமா கடைசியில் கிரிஸ்ஃப்ளையர் ஒன்று தொடங்கினார், பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான். போன பயணத்தின் போர்டிங் பாஸ் மாமியின் கைப்பையில், இருமல் மாத்திரை அட்டையோடு ஒட்டிக்கொண்டு கிடைத்தது. பறந்து ஐந்து மாதம் ஆகியிருந்ததால் கெடுவுக்குள் கேட்டுவிட்டோம். பத்து நாளில் ஏறியது. எவ்வளவு என்று அவர் கேட்டதற்கு, ரூபாயில் சொல்லட்டுமா, மைலில் சொல்லட்டுமா என்றேன். மைலிலேயே சொல்லு என்றார்.